மவுண்ட் எட்ஜ்கோம்: சேலம் ஜில்லாவின் இன்னொரு கரும்பு ஊர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து கடலோரமாக வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் மவுண்ட் எட்ஜ்கோம் வரும். இன்று அங்கே கோல்ஃப் மைதானம், மதிலுக்குள் பங்களாக்கள், வாசலில் காவலாளி. நூறு வருஷத்துக்கு முன் அதே மேட்டில் நின்று பார்த்தவனுக்குக் கடல் பக்கம் வரைக்கும் கரும்புதான் தெரிந்திருக்கும். நடுவே ஆலைப் புகைபோக்கி, அதைச் சுற்றித் தகரக் கொட்டடிகள். அந்தக் கொட்டடிகளில் குடியிருந்தவர்களில் வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்கள் ஏராளம். எங்கள் போச்சம்பள்ளியும் அன்று சேலம் ஜில்லாதான். கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாமே அப்படித்தான். ஆகவே அந்த ஊரின் கதையை வெளிநாட்டுச் சமாசாரமாக நினைக்க எனக்கு வரவில்லை. நம் பக்கத்துக் கதையாகவே எழுதுகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. சர்க்கரை ஆலையில் பீல்டுமேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கரும்புப் பதிவு, நடவு தேதி, வெட்டு உத்தரவு, லாரி வரவில்லை என்று விவசாயி போடும் சண்டை, இவைதான் என் படிப்பு. டர்பனும் மவுண்ட் எட்ஜ்கோமும் இருக்கும் நாட்டால் என்ற தேசத்துக்குக் கரும்பு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

நாட்டால் 1843இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எட்மண்ட் மோர்வுட் என்ற வெள்ளைக்காரர் டர்பனுக்கு வடக்கே காம்பென்சேஷன் என்ற தன் பண்ணையில் 1850 வாக்கில் முதல் சர்க்கரை காய்ச்சினார். விதைக்கரணை மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளிலிருந்து வந்தது. மண்ணும் மழையும் தோது. ஆள்தான் இல்லை. ஜூலு மக்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, மாடு இருந்தது. வருஷம் முழுக்க இன்னொருவன் கரும்பில் குனிந்து நிற்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? தோட்டக்காரர்கள் மொரீஷியஸைப் பார்த்தார்கள். 1834இலிருந்தே அங்கே இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அப்படி வேண்டும் என்று அரசாங்கத்தை அரித்து எடுத்து வாங்கினார்கள்.

இங்கே கரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் அந்த ஒப்பந்தத்தின் கொடுமை விளங்காது. நெல்லை அறுத்து ஒரு மாதம் அடுக்கி வைக்கலாம். கரும்பு அப்படியல்ல. வெட்டின நேரத்திலிருந்து அதற்குள் இருக்கும் சர்க்கரை கெட ஆரம்பிக்கிறது. ஒரு நாளில் ஆலைக்குள் போனால் நல்லது. மூன்றாம் நாள் எடையும் போகும், சத்தும் போகும். ஆலை கொதிக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவும் கூடாது. நிறுத்தித் திரும்பக் கொதிக்க வைக்கும் செலவு பெரிது. ஆக, வெட்டுகிறவன், சுமக்கிறவன், வண்டி ஓட்டுகிறவன், கொப்பரைக்காரன் எல்லோரும் ஆலை ஊதும் சங்குக்கு ஆட வேண்டும். கூலிக்கு வருகிறவன் இன்று உடம்பு சரியில்லை என்று சொல்லக்கூடிய இடத்தில் இந்தத் தொழிலை லாபமாக நடத்துவது கஷ்டம். அப்படிச் சொல்ல முடியாத ஆளைத்தான் தோட்டக்காரர்கள் தேடினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலிப் பிடிப்பு, எஸ்டேட்டை விட்டு வெளியே போகச் சீட்டு, ஓடினால் ஜெயில். இத்தனையும் அந்த ஆலைச் சங்குக்காக எழுதப்பட்ட சட்டம் என்பது என் கட்சி.

முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையை விட்டுக் கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் 342 பேரை இறக்கியது. பத்து நாளில் கல்கத்தாவிலிருந்து பெல்விடேர் வந்தது. 1866இல் ஆள் ஏற்றுவது நின்றது. சர்க்கரை விலை விழுந்து தோட்டக்காரர்களே திணறிய காலம் அது. 1871இல் ஒப்பந்தம் முடித்துச் சென்னைக்குத் திரும்பியவர்கள், அடி, கூலிப் பாக்கி, ரேஷன் குறைவு என்று அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். அதற்கு நாட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இந்தியரைக் காக்க என்று ஓர் அதிகாரியை நியமித்தார்கள். 1874இல் மறுபடியும் கப்பல் விட்டார்கள்.

இந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1874இல் கதவு திறந்தது, 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சேலம் ஜில்லாவை அந்தப் பஞ்சம் அடித்த அடி மதராஸ் ராஜதானியில் வேறு சில ஜில்லாக்களுக்குத்தான் விழுந்தது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பேச்சில்கூடத் தாது வருஷம் என்றால் கிழங்கு தோண்டின கதையும் கற்றாழை தின்ற கதையும்தான். சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. திருப்பத்தூர், சாமல்பட்டி வழியாகப் போகும் அதே பாதை. பசித்தவன் காலில் நடந்து சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஆள் பிடிக்கிற மேஸ்திரி டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அரசாங்கம் ரயில் போட்டது பஞ்சத்துக்குத் தானியம் கொண்டுவர என்று பாடப் புத்தகம் எழுதும். ரயில் ஆளையும் கொண்டுபோனது என்பதை அந்தப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

சென்னையில் டிப்போவில் வைத்து உடம்பைப் பார்ப்பார்கள். 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்று விதி, அந்தக் கணக்கு நிறைகிற வரை கப்பல் காத்திருக்கும். பிறகு பதிவேட்டில் எழுதுவார்கள்: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் மச்சமோ தழும்போ. 1860இலிருந்து 1911 வரை இப்படி நாட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

கூலி கேளுங்கள். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. பெண்ணுக்கு அதில் பாதி. அரிசியோ மக்காச்சோள மாவோ, பருப்பு, உப்பு, கருவாடு, கொஞ்சம் எண்ணெய் தனியாக அளந்து கொடுப்பார்கள். தென் அரைக்கோளம் என்பதால் அங்கே அரவை மே மாதத்தில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும், நம் சீசனுக்கு நேர் எதிர். குளிர் இருப்பதால் கரும்பு முற்ற நமக்கு ஆகிற பத்து பன்னிரண்டு மாதம் போதாது. கூடுதல் மாதம் நிற்கிற கரும்பு சாய்ந்து, பின்னி, பாம்பும் சோகையுமாகக் கிடக்கும். வெட்டுகிறவன் கையைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட கரும்பு என்று நான் சொல்வேன். சோகை அறுத்த கீறலில் கரும்புச்சாறு இறங்கினால் இரவெல்லாம் எரியும்.

மவுண்ட் எட்ஜ்கோமைப் பெரிய ஆலை ஊராக்கியது காம்ப்பெல் குடும்பம். வில்லியம் காம்ப்பெல் 1850இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். அவர் மகன் மார்ஷல் காம்ப்பெல் காலத்தில் எஸ்டேட்டுகளைச் சேர்த்து நாட்டால் எஸ்டேட்ஸ் கம்பெனி உண்டானது. டர்பனில் ஆள் இழுக்கும் ரிக்ஷாவை 1892இல் கொண்டுவந்தவரும் இவர்தான். மார்ஷல் மோசமான ஆள் அல்ல என்று அன்றைய இந்தியர்களே சொன்னார்கள். காந்திக்கும் அவரிடம் மரியாதை இருந்தது. 1905இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சுற்றுப்பயணம் வந்தபோது மவுண்ட் எட்ஜ்கோமில் காம்ப்பெல் வீட்டு விருந்தில் ஜான் டூபே என்ற ஜூலு தலைவர் பேசினார். அந்தப் பேச்சைப் பாராட்டிக் காந்தி தன் பத்திரிகையில் எழுதினார். டூபேயின் ஓலாங்கே பள்ளி, காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு, இந்த ஆலை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முதலாளி நல்லவரா என்ற கேள்வியை நான் ஓரமாக வைத்துவிடுகிறேன். ஒப்பந்தத்தில் இருக்கிறவனுக்கு முதலாளியின் குணம் வானிலை மாதிரி. நன்றாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

1895இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்குப் பின் வந்து, ஒப்பந்தம் முடித்து, மறு ஒப்பந்தமும் போடாமல், ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே தங்குகிறவன் வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். 1903இல் அதை 16 வயது ஆன மகனுக்கும் 13 வயது ஆன மகளுக்கும் நீட்டினார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் வாங்கினவனுக்கு நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். புருஷன், பெண்டாட்டி, வயதுக்கு வந்த ஒரு மகள் என்று மூன்று தலை இருந்தால் 180 ஷில்லிங், அதாவது ஒரு வருஷ உழைப்பு வரிக்கே போச்சு. கட்ட முடியாதவனுக்கு இரண்டு வழி: கப்பல் ஏறு, இல்லையென்றால் மறுபடி கைநாட்டு வை. தோட்டக்காரனுக்கு வேண்டியது இரண்டாவது. கந்துவட்டிக்காரனிடம் ஆலைக் கரும்பை அடமானம் வைத்த குடும்பங்களை இங்கே பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணியின் வேலை எனக்குப் புரிகிறது.

1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. காந்தி தொழிலாளர்களோடு டிரான்ஸ்வால் எல்லைக்கு நடந்தார், பிடிபட்டார், நவம்பர் 11ஆம் தேதி தண்டனை விழுந்தது. நம் பள்ளிக்கூடத்தில் கதை இத்தோடு தில்லையாடி வள்ளியம்மைக்குப் போய்விடும். ஆனால் கடலோரக் கரும்புத் தோட்டங்கள் பெரிய அளவில் எழுந்தது காந்தி ஜெயிலுக்குள் போன பிறகு. தலைவர் பக்கத்தில் இல்லை, நோட்டீஸ் இல்லை. அரவை உச்சத்தில் இருக்கிற நவம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டரிவாளைக் கீழே வைத்தார்கள். எந்த மாதத்தில் நின்றால் ஆலைக்கு வலிக்கும் என்று கரும்பு வெட்டுகிறவனுக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை. சில தோட்டங்களில் நின்ற கரும்பு தீப்பிடித்தது. யார் வைத்தார்கள் என்று தோட்டக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், தொழிலாளர்கள் வேறு சொன்னார்கள்.

நவம்பர் 27ஆம் தேதி மவுண்ட் எட்ஜ்கோமை ஒட்டிய பிளாக்பர்ன் கொட்டடியில் குதிரைப் போலீஸ் சுட்டது. தொழிலாளர்களிடம் கம்பும் கரும்புக் கத்தியும் கல்லும்தான். மார்ஷல் காம்ப்பெல் அப்போது ஊரில் இல்லை. அவர் மகன் காலின் அந்த இடத்தில் இருந்தார். இதற்கு ஒரு வாரம் முன்பே தென் கடலோரத்தில் எஸ்பெரான்சா பக்கத்துத் தோட்டத்திலும் சூடு நடந்திருந்தது. அந்த நவம்பரில் நாட்டால் கரும்புத் தோட்டங்களில் செத்தவர்கள் பெயர்களில் பச்சையப்பன், ராகவன், செல்வன், சுப்பராயக் கவுண்டன் என்று இருக்கின்றன. அந்தப் பெயர்களை நம் பக்கத்து ரேஷன் கடை வரிசையில் இன்றைக்கும் கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது, 3 பவுன் வரி போனது. காந்தி கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். வரி நீக்கத்தை வாங்கிக் கொடுத்ததில் காந்திக்கு எவ்வளவு பங்கோ, அரவையை நிறுத்திய இந்த ஆட்களுக்கு அதற்குக் குறையாத பங்கு உண்டு. இன்னும் கூட என்றும் சொல்வேன்.

ஆள் ஏற்றுவது 1911லேயே நின்றுவிட்டது. கோகலே கொடுத்த நெருக்கடியில் இந்திய அரசாங்கமே கதவை அடைத்தது. அதற்குப் பிறகு கரும்பு வெட்டும் வேலை மெல்ல மெல்ல ஜூலு, போண்டோ ஆட்களிடம் போனது. இந்தியர்கள் ஆலைக்குள், காய்கறித் தோட்டத்துக்குள், டர்பன் நகரத்துக்குள் நகர்ந்தார்கள்.

நம் பக்கத்திலிருந்து ஆள் போவது நின்றபின் விதை போனது. எனக்குப் பிடித்த பகுதி இது. வெகுகாலம் நாட்டாலில் ஊபா என்ற ரகம்தான் இருந்தது. எங்கே நட்டாலும் நிற்கும், ஆனால் நார் அதிகம், சர்க்கரை குறைவு, கோடு நோய் பிடிக்கும். 1925இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கே? மவுண்ட் எட்ஜ்கோமில். அதற்கு முன்பே 1912இல் கோயம்புத்தூரில் நம் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்துவிட்டது. அங்கே பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ்.வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும் ஆற்றோரக் காட்டுக் கரும்பையும் ஒட்டு சேர்த்தார்கள். கோ 205 அப்படிப் பிறந்தது. நோய் தாங்கும், வறட்சி தாங்கும். 1930களில் கோ 281, கோ 290 போன்ற ரகங்கள் நாட்டாலுக்குப் போய் ஊபாவை வயலைவிட்டு வெளியேற்றின.

அதோடு நிற்கவில்லை. புது ரகம் உண்டாக்கக் கரும்பு பூத்து விதை பிடிக்க வேண்டும். நம் விவசாயி கரும்பு பூத்தால் தலையில் கை வைப்பான், எடை போய்விடும். விஞ்ஞானிக்கோ பூதான் வேண்டும். நாட்டால் குளிரில் பூவில் மகரந்தம் சரியாக உண்டாவதில்லை. ஆகையால் கோயம்புத்தூரில் ஒட்டு சேர்த்து, பஞ்சுபோல் இருக்கும் அந்த விதையை அனுப்பி, மவுண்ட் எட்ஜ்கோமில் முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். கோ 421, கோ 312 இரண்டுக்கும் பிறந்தது என்கோ 310. 1945இல் வெளியானது. நாட்டாலைத் தாண்டி தைவான், ஒகினாவா, அமெரிக்காவின் லூசியானா, டெக்சாஸ் வரை பரவியது. தைவானில் ஒரு காலத்தில் பெரும்பாலான கரும்பு அதுவாகவே இருந்தது. அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த என்கோ 376 தென்னாப்பிரிக்காவில் பல பத்தாண்டுகள் முதலிடத்தில் நின்றது. இங்கே நாங்கள் விவசாயியிடம் எண்பத்தாறு முப்பத்திரண்டு போடு என்று சொன்ன ரகமும் அதே கோயம்புத்தூர்க் குடும்பம்தான். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நடந்துகொண்டிருந்த நேரம், டர்பனிலிருந்து வயதான ஓர் அம்மா போச்சம்பள்ளிக்கு வந்தார். கார் டிரைவர் என்னிடம் அழைத்து வந்தார், கரும்புக்காரரைக் கேட்டால் கிராமமெல்லாம் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். கையில் கப்பல் பதிவேட்டு நகல். ஜில்லா சேலம், தாலுகா கிருஷ்ணகிரி என்பது படிக்க முடிந்தது. கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில், எழுதின குமாஸ்தாவின் காது எந்த ஊர்க் காதோ, எப்படி வாசித்தாலும் நாலைந்து ஊருக்குப் பொருந்தியது. "அம்மா, இது நாகோஜனஹள்ளியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்" என்றேன். அவருக்குத் தமிழ் பேச வரவில்லை. டிரைவர் இங்கிலீஷில் சொன்னார். இரண்டு ஊர்களுக்குப் போனோம். கிடைக்கவில்லை. வழியில் ஒரு மாரியம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா செருப்பை விட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே, முறைப்படி இரண்டு கையையும் நீட்டிக் கூழ் வாங்கிக் குடித்தார். அவர்கள் ஊரிலும் ஆடியில் கூழ் உண்டாம். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவைப் புளிக்க வைப்பார்களாம்.

மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் 1890 வாக்கில் எஸ்டேட் ஆட்கள் கட்டியது. பெரிய திருவிழா புனித வெள்ளியன்று நடக்கிறது. காரணம் எளிது. எஸ்டேட்டில் எல்லோருக்கும் விடுமுறை கிடைத்தது வெள்ளைக்காரனின் பண்டிகைக்குத்தான். அதே ஊரில் கிஸ்தப்பா ரெட்டி என்ற கோயில் சிற்பி 1890களின் கடைசியில் எழுப்பிய பிள்ளையார் கோயிலும் இருக்கிறது. இன்று அது பாதுகாக்கப்பட்ட சின்னம்.

ஆலை 1960களில் ஹ்யூலெட் குழுமத்தின் கைக்குப் போனது, 1990களின் நடுவில் மூடப்பட்டது. அதற்கு முன்னாலேயே கரும்பு நிலம் துண்டுதுண்டாகப் போக ஆரம்பித்திருந்தது. 1950களின் கடைசியில் ஆப்பிரிக்கர்களை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய குவாமாஷு, காம்ப்பெல் கம்பெனியின் கரும்பு நிலம். மார்ஷல் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 1970களில் இந்தியர்களைக் குடியேற்றிய ஃபீனிக்ஸ் நகரியமும் கரும்பு நிலமே. பிறகு உம்ஷ்லாங்கா பக்கம் பெரிய வணிக வளாகங்கள், 2010இல் வடக்கே விமான நிலையம். நிறவெறிச் சட்டம் யாரை எங்கே வைக்க வேண்டும் என்று கோடு போட்டதோ, அந்தக் கோட்டின்படி கரும்பு நிலம் கைமாறியது. நல்ல காற்று வரும் மேடு மட்டும் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மிஞ்சியது. ஆராய்ச்சி நிலையம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

நம் பக்கமும் கரும்பு சுருங்கிவிட்டது. தென்பெண்ணைத் தண்ணீரை நம்பி பாரூர் ஏரிப் பாசனத்தில் நான் பதிவு செய்த வயல்கள் சிலவற்றில் இன்று தென்னை, சிலவற்றில் மனைக்கல். சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் நிற்கின்றன. வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளைப் பார்த்து நான் வருத்தப்படமாட்டேன். கரும்பு வெட்டுவதைவிட அது நல்ல வேலை.

ஒரு காரியம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கப்பல் பதிவேடுகளைத் தென்னாப்பிரிக்காவில் பெயர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். டர்பன் ஆவணக் காப்பகத்திலும் குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள சேலம் ஜில்லா கிராமப் பெயர்களை அங்கே இருக்கிறவர்களால் அடையாளம் காண முடியாது, இந்த மண்ணில் நடந்தவர்களால்தான் முடியும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்க் கல்லூரிகளில் சரித்திரம் படிக்கும் பிள்ளைகள் ஒரு தாலுகாவுக்கு ஒருவராக எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தில், கோயில் வரி நோட்டில் இருக்கும் ஊர்ப்பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். இன்று வழக்கொழிந்த குக்கிராமப் பெயர் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.